கட்டுச்சோறு கெடாமல் இருக்க

சித்திரை, வைகாசி மாதங்களில் கோவையிலிருந்து காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கத்துக் குலதெய்வக் கோயில்களுக்குப் புறப்படும் குடும்பங்கள் பல. விடியற்காலை நான்கு மணிக்கு வடித்த சோறு, அபிஷேகமும் படையலும் முடிந்து இலைக்கு வரும்போது பிற்பகல் இரண்டாகிவிடும். இடைப்பட்ட பத்து மணி நேரத்தில் பெரும்பகுதியை அது வெயிலில் நிற்கும் வேனுக்குள் கழிக்கிறது. அன்றிரவு குழந்தைகளுக்கு வயிறு கெட்டால் ஊர்த் தண்ணீரின் மீது பழி விழும். தூக்குப்போசியை எவரும் ஐயுறுவதில்லை.

சமைத்த உணவில் நுண்ணுயிர்கள் விரைந்து பெருகுவது ஏறத்தாழ 5 முதல் 60 டிகிரி வரையிலான வெப்பத்தில். எளிதில் கெடும் பண்டத்தை அந்நிலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கலாகாது. வெளியே 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரமே கணக்கு. சோற்றுக்கு மற்றொரு தொல்லையும் உண்டு. அரிசியோடு வரும் ஒருவகை நுண்ணுயிரின் வித்துகள் கொதிநீரிலும் அழிவதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கையில் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும். வாந்தியை வருவிக்கும் அந்த நஞ்சு, மறுபடி சூடாக்கினாலும் நீங்காது. ஆகவே சுடுசோற்றை அழுத்தி நிரப்பி மூடுவது தகாது. அகன்ற தாம்பாளத்தில் பரப்பி, விரைவாக ஆறவைத்த பின்னரே கட்ட வேண்டும்.

முன்னோர் வழிநடைக்குப் புளிச்சோற்றைத் தேர்ந்தது நாவின் பொருட்டு மட்டுமன்று. நீர் சுண்டக் காய்ச்சிய புளியின் அமிலம் கிருமிகளுக்கு ஒவ்வாதது. தேங்காய்ச் சட்டினி அப்படியன்று. அதனை வீட்டிலேயே விட்டுவிட்டுப் பருப்புப்பொடி கொண்டுபோவது நலம்.

தயிர்ச்சோற்றுக்கும் மோருக்கும் ஐஸ் பெட்டி வேண்டும். அதிலும் ஒரு கணக்கு உண்டு. ஒரு கிலோ பனிக்கட்டி உருகும்போது ஈர்க்கும் வெப்பம் 80 கிலோகலோரி. நான்கு லிட்டர் மோரை 30 டிகிரியிலிருந்து 10 டிகிரிக்கு இறக்குவதற்குள் அது முழுதும் செலவாகிவிடும். பிறகு காவலுக்கு ஏதும் மிஞ்சாது. முதல்நாள் இரவே மோரைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, குளிர்ந்த பின் ஏற்றினால் அதே பனிக்கட்டி நண்பகலையும் கடக்கும். கடையில் வாங்கும் கட்டி ஐஸ் குடிநீரால் ஆனதா என்பதைப் பார்த்தறிய இயலாது. பானகத்தில் அதனைப் போடாதிருப்பது நன்று. காய்ச்சி ஆறிய நீரைப் பாட்டில்களில் முக்கால் அளவு ஊற்றி உறையவைத்தால், உருகிய பின் பருகவும் ஆகும். குழந்தைகள் தண்ணீருக்காகப் பத்து முறை திறக்கும் பெட்டியில் தயிர்ச்சோறு இருக்கலாகாது. இரண்டும் வெவ்வேறு பெட்டிகளில் செல்லட்டும்.

குடிநீருக்கு மட்டுமென்றால் ஐஸ் எதற்கு? மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் அமைந்தது கொங்கு நாடு. பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்றும் வருகிறது. நிழலில், காற்றோட்டமாக வைத்த மண்பானையின் புறத்தே கசியும் நீர் ஆவியாகிக்கொண்டே உள்ளிருப்பதைக் குளிர்விக்கும். கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் இத்துணைப் பயன் கிட்டாது. எனினும் தயிர்ச்சோற்றைக் காக்கும் குளிர்ச்சியைப் பானை தரும் என எண்ணிவிடலாகாது.

இன்சுலின் போட்டுக்கொள்ளும் பெரியவர் உடன் வந்தால், அம்மருந்தை வேனில் விட்டுச் செல்லக் கூடாது. வெப்பத்தில் வீரியம் குன்றும். பனிக்கட்டியைத் தொடும்படி வைத்தாலும் உறைந்து பயனற்றுப்போகும். நீர் புகாத டப்பாவில் இட்டு, ஈரத்துணி சுற்றி, நிழலில் வைத்தால் ஒரு பகற்பொழுதுக்குப் போதும்.

வெள்ளியங்கிரி ஏறும் அடியார்க்கு இப்பெட்டிகளால் பயனில்லை. ஏழு மலைக்கும் தூக்கிச் செல்வார் யார்? அவர்களுக்குப் பொரியும் கடலைமிட்டாயும் பேரீச்சையும் உகந்தவை. ஆறாம் மலையின் ஆண்டி சுனையோ கோடையிலும் உடலை நடுங்கவைக்கும்.

எஞ்சியிருப்பது படையல். தெய்வத்தின் முன் மூன்று மணி நேரம் இருந்த தயிர்ச்சோற்றைப் பேரனுக்கு ஊட்டலாமா என்று பாட்டியிடம் கேட்கும் துணிவு எந்த மருமகளுக்கும் வராது. கேட்கத் தேவையுமில்லை. புளிச்சோறு, வெல்லம், தேங்காய், வாழைப்பழம் ஆகியவற்றைப் படையலில் வைத்துவிட்டு, தயிர்ச்சோற்றுப் போசியை மட்டும் கற்பூரம் காட்டும் வேளையில் பெட்டியிலிருந்து எடுத்துத் தெய்வத்தின் முன் வைக்கலாம். தீபாராதனை முடிந்ததும் அது நேரே பந்திக்கு வந்துவிடும்.