முந்திரிக்கு ஒரு துணை

ராத்திரி பதினோரு மணிக்கு மேல் எங்கள் வீட்டு ஹாலில் ஒரு சத்தம் கேட்கும். மீனம்பாக்கத்து விமானம் தலைக்கு மேல் போகும்போது அமுங்கும். விமானம் போனதும் மறுபடி ஆரம்பிக்கும். கிரீச், கிரீச், கிரீச். ஐம்பது கிராம்கூடத் தேறாத ஒரு ஜீவன் சக்கரத்தில் ஓடுகிற சத்தம். பொழிச்சலூரில் இத்தனை வருஷம் விமானங்களோடு தூங்கிப் பழகியவனை எழுப்பி உட்காரவைத்தது இதுதான்.

மகளின் பதிமூன்றாவது பிறந்தநாளுக்கு வந்தவன் முந்திரி. நாயில் தொடங்கிய பேரம் பூனைக்கு இறங்கி, கிளிக்கு வந்தது. பச்சைக்கிளி வளர்த்தால் 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பாயும் என்று சொல்லி அதையும் அடைத்தேன். ஹாம்ஸ்டர் என்றபோது என்னிடம் சட்டம் தீர்ந்துபோயிருந்தது.

கூண்டை ஹாலில்தான் வைக்க முடிந்தது. மகளின் அறையில் ஏற்கெனவே என் அம்மா இருக்கிறார், அவருடைய இரும்பு பீரோ இருக்கிறது. பால்கனி சரிப்படாது. எங்கள் ஊர் அகஸ்தீஸ்வரர் கோயிலுக்கு வட திருநள்ளாறு என்று பெயர். சனிக்கிழமை தவறாமல் கூட்டம். சனீஸ்வரன் வாகனம் என்பதால் தெருவில் காக்கைக்கு ராஜமரியாதை. எள்ளு சாதத்துக்கு வருகிற காக்கை கூண்டுக்குள் அசைகிற வாலையும் ருசி பார்க்கத் தயங்காது.

பத்தே நாளில் மகள் ஆரம்பித்தாள். "பாவம்ப்பா, தனியா இருக்கான். ஒரு துணை வாங்கலாம்ப்பா." வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா தலை நிமிராமலே சொன்னார்: "எலி வளையானாலும் தனி வளை வேணும்னு சும்மாவா சொல்லி வெச்சாங்க?" நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம்.

வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போனோம். பழைய டிரங்க் ரோட்டில் அன்றைக்கு என்னதான் கிடைக்காது? ரோஜாச் செடி, ஓடாத மிக்ஸி, ஒற்றைச் செருப்பு, மீன் தொட்டி, லவ் பேர்ட்ஸ். ஹாம்ஸ்டர் மட்டும் எங்கள் கண்ணில் படவில்லை. பிறகு வேறொரு இடத்தில், ஒரு கடையில் கிடைத்தது. எந்தக் கடை என்பது வேண்டாம். "ரெண்டும் ட்வார்ஃப்தான் சார், ரெண்டும் ஆம்பளதான். சேர்ந்து ஜாலியா இருக்கும்" என்றார் கடைக்காரர். முந்திரியை அவர் பார்த்ததே இல்லை என்பது வீடு வந்து சேர்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

புதியவனுக்குக் கடுகு என்று பெயர். முந்திரியின் கூண்டைத் திறந்து அவனை உள்ளே விட்டோம். மோப்பம் பிடித்தார்கள், மகள் படம் எடுத்தாள், எல்லோரும் தூங்கப் போனோம். இரண்டு மணிக்கு அலறல். விளக்கைப் போட்டால் இரண்டும் ஒரே பந்தாக உருண்டுகொண்டிருந்தன. நான் கையை உள்ளே விட்டேன். அந்தத் தழும்பு ஆள்காட்டி விரலில் இன்னும் இருக்கிறது. அம்மாதான் தோசைக் கரண்டியைக் கொண்டுவந்து நடுவில் செருகினார். கடுகின் இடது காதில் ஒரு துண்டைக் காணோம். அன்றோடு அவனுக்குத் தனிக் கூண்டு.

காலையில் காதைப் பார்த்த கால்நடை மருத்துவர் மருந்து எழுதுவதற்கு முன்பே கேட்டார்: "இது ரெண்டும் வேற வேற இனமாச்சே, எதுக்குச் சேர்த்து விட்டீங்க?"

ட்வார்ஃப் என்று கடையில் சொல்வதெல்லாம் உருவத்தைப் பார்த்து வைத்த பெயராம். அந்த ஒரு பெயருக்குள் நாலு இனம் இருக்கிறது. முந்திரி மங்கோலியப் புல்வெளிக்காரன், கேம்பெல். பழுப்புச் சாம்பல் உடம்பு, முதுகு நடுவில் பென்சிலால் இழுத்த மாதிரி ஒரு கருங்கோடு. அந்தக் கோடு இன்னும் பட்டையாக இருந்து, விலாவில் வளைவு வளைவாக வெள்ளை ஏறியிருந்தால் அது சைபீரியாவின் விண்டர் ஒயிட். பகல் குறையக் குறைய அதன் ரோமம் வெளுத்து, பனியோடு பனியாகிவிடும். நம் ஊரில் ஆனிப் பகலுக்கும் மார்கழிப் பகலுக்கும் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். அதையும் டியூப் லைட் போட்டுக் குழப்பிவிடுகிறோம். அது எதை நம்பி வெளுக்கும்? இந்த இரண்டு இனமும் கூண்டில் கலந்து குட்டி போடக்கூடியவை. கடைகளில் கலப்பு நிறைய உண்டு என்பதால் கோட்டை மட்டும் வைத்து அடித்துச் சொல்லவும் முடியாது.

கடுகின் முதுகில் கோடே இல்லை. கண்ணுக்கு மேலே வெள்ளைப் புருவம், இருபது இருபத்தைந்து கிராம் எடை, நிற்காத ஓட்டம். அவன் ரோபோ. ரஜினி படத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மத்திய ஆசியாவைச் சுற்றிய ரோபரோவ்ஸ்கி என்ற ரஷ்யப் பயணியின் பெயர் சுருங்கி இப்படி ஆனது. நாலாவது சைனீஸ் ஹாம்ஸ்டர். ஒல்லி உடம்பு, கண்ணுக்குத் தெரிகிற வால், மற்ற மூன்றுக்கும் தூரத்து உறவு. 1957-ல் இதன் சினைப்பையிலிருந்து வளர்த்தெடுத்த செல்கள் இன்றும் ஆய்வகங்களில் பெருகிக்கொண்டிருக்கின்றன. டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு ரத்தம் ஊறப் போடுகிற எரித்ரோபொய்டின் ஊசி மருந்து அந்தச் செல்களில்தான் தயாராகிறது. இதைக் கேட்ட பிறகு அம்மா ஹாம்ஸ்டரை எலி என்று சொல்வதைக் குறைத்துக்கொண்டார்.

உருவத்தில் பெரிய சிரியன் ஹாம்ஸ்டர் பக்கம் துணை என்ற பேச்சே கூடாது. 1930-ல் அலெப்போ அருகே ஒரு வயலைத் தோண்டி ஒரு தாயையும் குட்டிகளையும் பிடித்தார் இஸ்ரேல் அஹரோனி என்ற விலங்கியலாளர். பெட்டிக்குள் போட்டதுமே அந்தத் தாய் தன் குட்டி ஒன்றைக் கொன்றுவிட்டது. அந்த வம்சம்தான் இன்று உலகம் முழுக்கக் கூண்டுகளில் இருக்கிறது. குட்டிகள் வளர்ந்ததும் ஆளுக்கொரு வீடு கொடுத்துவிட வேண்டும்.

இத்தனையும் கேட்டபிறகு விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அடுத்த தெருவில் மகளின் தோழி வீட்டில் வேறொரு கூத்து நடந்திருந்தது. "ரெண்டும் பொண்ணு" என்று வாங்கிய கேம்பெல் ஜோடி ஆறு குட்டி போட்டது. சினைக்காலம் பதினெட்டு நாள்தான். பெற்ற அன்றே மறுபடி சினை பிடிக்கும், ஆகவே மூன்று வாரத்துக்குள் இன்னும் ஐந்து. கேம்பெல் இனத்தில் அப்பன்காரன் பிரசவம் பார்ப்பானாம். வெளியே வருகிற குட்டியை இழுத்து நக்கி, மூச்சு வரச் செய்வதைக் கனடாவில் ஆராய்ச்சியாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். என் மகள் பிறந்தபோது நான் கேன்டீனில் காபி குடித்துக்கொண்டிருந்தேன் என்பதை மனைவி அன்று நினைவுபடுத்தினார்.

ஆணா பெண்ணா என்று பார்க்க, அடி தெரிகிற ஒரு கண்ணாடி டப்பாவில் விட்டுக் கீழிருந்து பார்க்க வேண்டும். இரண்டு துவாரங்களும் ஒட்டினாற்போல் இருந்தால் பெண். இடையில் தெளிவான இடைவெளி, வயிற்று நடுவில் மஞ்சளாக ஒரு வாசனைச் சுரப்பி என்றால் ஆண். சின்னக் குட்டியில் ஏமாந்துவிடுவோம். அந்த வீட்டுக் குட்டிகளில் ஐந்து வாரமான ஒன்றை நாங்கள் மூன்று பேர் மூன்று முறை பார்த்து, ஆண் என்று முடிவு செய்து கொண்டுவந்தோம். மிளகு.

வளர்ந்த ஒன்றோடு புதிதாக இன்னொன்றைச் சேர்ப்பதே நல்லதல்ல, கூடப்பிறந்தவற்றைப் பிரிக்காமல் வளர்த்தால்தான் கொஞ்சம் நம்பலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். மகள் கேட்டால்தானே. இந்த முறை அவசரப்படவில்லை. பெரிய கண்ணாடித் தொட்டியின் நடுவே கம்பி வலை வைத்து, ஆளுக்கொரு பக்கம் பத்து நாள் விட்டோம். தினமும் பக்கம் மாற்றி, ஒருவன் படுத்த காகிதத் துணுக்கை மற்றவனுக்குப் போட்டோம். இவர்களுக்கு ஊர் உலகமெல்லாம் மூக்கில்தான். பிறகு ஒரு ஞாயிறு காலை, துணி ஊறவைக்கிற டப்பை சோப்பு வாடை போகக் கழுவி, புதுக் காகிதம் நிரப்பி, தினையும் சாமையும் தூவி, இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் இறக்கினோம். அந்த இடம் யாருக்கும் சொந்தமில்லை, அதுதான் சூட்சுமம். என் கையில் தடிமனான துண்டு, அம்மா கையில் தோசைக் கரண்டி.

முந்திரி துரத்தினான். மிளகு மல்லாந்து படுத்துக் கீச்சிட்டான். பிரித்துவிடப் போன மகளைத் தடுத்தேன். சின்னவன் பணிந்து போகிறான், ரத்தமில்லாதவரை கை வைக்கக் கூடாது. ஒரு மணி நேரத்தில் இரண்டு பேரும் ஒரு மூலையில் ஒட்டிப் படுத்தார்கள். தொட்டியையும் முழுக்கக் கழுவி, சக்கரம் இரண்டு, தண்ணி பாட்டில் இரண்டு, தீனிக் கிண்ணம் இரண்டு என்று வைத்தோம். ஒளிந்துகொள்ளக் கொட்டாங்கச்சி, இரண்டு பக்கமும் ஓட்டை போட்டு. ஒரே வாசல் இருந்தால் உள்ளே மாட்டிக்கொண்டவன் தப்ப வழியிருக்காது.

நாலு மாதம் நன்றாகத்தான் போனது. அக்னி நட்சத்திரத்தில் உறைந்த தண்ணி பாட்டிலைத் துணி சுற்றித் தொட்டிக்கு வெளியே சாய்த்து வைத்தால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு முதுகும் சேர்ந்தே ஒட்டிக்கிடக்கும். ஐந்தாவது மாதம் மிளகு தீனிக் கிண்ணத்துக்கு வருவதை நிறுத்தினான். எடை பார்த்தால் குறைந்திருந்தது. இரண்டு நாள் கழித்து அவன் பின்பக்கத்தில் ரத்தம். ஒருமுறை ரத்தம் வந்துவிட்டால் மறுபடி சேர்க்கக் கூடாது. மாற்றுக் கூண்டு பரணிலேயே இருந்தது, இறக்கினேன். மகள் அழுதாள். மூன்று நாளில் மிளகு தேறிவிட்டான். மகளுக்குத்தான் இரண்டு வாரம் ஆனது.

இப்போது ஹாலில் மூன்று கூண்டு, மூன்று சக்கரம், மூன்று கொட்டாங்கச்சி. டிவி ஸ்டாண்டை நகர்த்த வேண்டியிருந்தது. நேற்று ராத்திரி தண்ணி குடிக்க எழுந்தபோது அம்மா சோபாவில் உட்கார்ந்து மூன்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் விளக்கைப் போட்டுப் பரீட்சைக்குப் படிக்கிறாளாம், தூக்கம் வரவில்லையாம்.

"ஆளுக்கொரு ரூம் போட்டுக் குடுத்திருக்கியேடா இதுங்களுக்கு" என்றார் அம்மா.