தீட்டும் பழுதும் ஒன்றுதான்

திருச்சபைக்குள் சாதி இருக்கிறது என்று நிரூபிக்க இனி யாரும் மெனக்கெட வேண்டியதில்லை. தனிக் கல்லறை, தனித் தெரு, தனிப் பந்தி என்று நம் தோழர்கள் எழுதிக் குவித்துவிட்டார்கள். 2008-இல் எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தனிப் பங்கு கேட்டபோது அவர்கள் வீடுகள் தாக்கப்பட்டதை விழுப்புரம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஞாபகப்படுத்த வேண்டியதுமில்லை. நான் கேட்க வந்தது வேறு. ஊர்க்காரன் ஒருத்தன்கூட இல்லாத ஆலயம். சேரியில், சேரிச் சனம் மண் சுமந்து கட்டிய ஆலயம். ஐயரும் நம்ம ஆளு, கமிட்டியும் நம்ம ஆளு. அந்த ஆலயத்தில் வாசப்படிக்கு வெளியே நிற்பது யார்?

நொண்டி நிற்கிறான். குருடி நிற்கிறாள். வலிப்புக்காரி நிற்கிறாள். குஷ்டம் வந்து குணமான கிழவன் செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். சொற்கள் கூசுகிறதா தோழர்களே? கூசட்டும். அழகான பெயர்களின் அரசியல் நமக்குத் தெரியாததா? தீண்டப்படாதவனுக்குக் 'கடவுளின் பிள்ளை' என்று காந்தி பெயர் வைத்தார். கிணற்றில் தண்ணீர் எடுக்க முடிந்ததா? 2015-இல் பிரதமர் மோடி ஊனமுற்றவர்களை 'திவ்யாங்' என்று அழைக்கச் சொன்னார். தெய்வீக உறுப்பாம். அரிசனமும் திவ்யாங்கும் ஒரே பட்டறையில் அடித்த நாணயங்கள். கையில் ஒன்றும் கொடுக்காமல் தலையில் ஒளிவட்டம் மட்டும் மாட்டுகிற வேலை.

எங்கள் பிரம்மதேசம் திண்டிவனத்துக்கும் மரக்காணத்துக்கும் நடுவே இருக்கிறது. பார்ப்பனருக்குத் தானம் கொடுத்த நிலம் என்று பெயரிலேயே பட்டா எழுதி வைத்திருக்கிற ஊர். இந்தப் பக்கத்துச் சேரி ஆலயங்களிலும் போதகருக்கு 'ஐயர்' என்றுதான் பெயர். பெயர் மட்டும் வந்திருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். பெயரோடு சேர்ந்து புனிதமும் வந்துவிட்டது. புனிதம் வந்த இடத்தில் தீட்டு வராமல் இருக்காது.

எனக்கு இடது கால் போலியோ. காலிப்பர் மாட்டி நடக்கிறேன். பிரம்மதேசத்துப் பக்கம் ஒரு சேரி ஆலயம்தான் எங்கள் சபை. அதற்கு வாசலில் மூன்று படி, ஆல்டருக்கு இரண்டு படி. திருவிருந்து அன்று சனங்கள் வரிசையாய்ப் போய் முழங்காற்படியிட்டு அப்பமும் ரசமும் வாங்குவார்கள். என் முழங்கால் மடங்காது. "தம்பி, நீ அங்கயே உக்காரு, எல்லாருக்கும் குடுத்துட்டுக் கடைசியில நானே கொண்டாந்து தர்றேன்" என்றார் ஐயர். அன்பாகத்தான் சொன்னார். கடைசிப் பந்தி என்பது நமக்குப் புதிதா? ஊர்ப் பந்தி முடிந்த பிறகு இலை போடுவார்களே, அதுவும் அன்பாகத்தான். ஞாயிற்றுக்கிழமை வேதபாடம் வாசிக்கிறேன் என்று கேட்டேன். "மேடை ஏறணுமேப்பா, விழுந்துட்டீன்னா? வேணாம்" என்றார் கமிட்டிப் பெரியவர். வங்கியில் கவுண்டருக்குப் பின்னால் எட்டு மணி நேரம் நான் விழுவதில்லை. ஆலயத்தில் மட்டும் விழுந்துவிடுவேனாம்.

இது ஒரு ஐயரின் குணம், ஒரு கமிட்டியின் அறியாமை என்று நினைத்தால் நாம் ஒன்றும் படிக்காதவர்கள். இதற்குப் பின்னால் ஒரு கருத்தியல் இருக்கிறது. அதற்கு வயது ஆயிரக்கணக்கில்.

லேவியராகமம் 21-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். ஆரோனின் வம்சத்தில் குருடன், சப்பாணி, கை முறிந்தவன், கால் முறிந்தவன், கூனன், குள்ளன் எவனும் பலிபீடத்தண்டை வரக்கூடாது. அவன் பரிசுத்த அப்பத்தைத் தின்னலாம், பீடத்தை நெருங்கக்கூடாது. கூலியை வாங்கிக்கோ, கோயிலுக்குள்ள வராதே என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இந்தப் பக்கம் மனுவைத் திறங்கள். 11-ஆம் அத்தியாயம் குருடும் செவிடும் ஊமையும் முன்வினையின் மிச்சம் என்கிறது. 9-ஆம் அத்தியாயம் அவர்களுக்குச் சொத்தில் பங்கில்லை என்கிறது. சாந்தோக்கிய உபநிடதமோ இழிசெயல் செய்தவன் சண்டாள வயிற்றில் பிறப்பான் என்கிறது. கவனியுங்கள். சேரியில் பிறப்பதற்கும் குருடாய்ப் பிறப்பதற்கும் ஒரே கணக்குப் புத்தகம், ஒரே கணக்குப்பிள்ளை. தீட்டு என்று நம்மைத் தள்ளிய கையும் பழுது என்று ஊனத்தைத் தள்ளிய கையும் வேறு வேறு கைகள் அல்ல.

ஆங்கிலிக்கன் சபையின் பங்கையும் சொல்ல வேண்டும். 1662-இன் பொது ஜெபப் புத்தகத்தில் வியாதியஸ்தரைச் சந்திக்கும் முறைமை ஒன்று உண்டு. படுத்துக் கிடக்கிறவனிடம் குருவானவர் போய், இந்த நோய் கடவுள் அனுப்பியது, உன் பொறுமையைச் சோதிக்கவோ உன்னைத் திருத்தவோ வந்தது என்று எடுத்துச் சொல்ல வேண்டும். பிறகு பாவ அறிக்கை. காய்ச்சலில் கிடக்கிறவனுக்குக் கஞ்சிக்கு முன்னால் குற்றப்பத்திரிகை! திண்டிவனத்துச் சபை ஆங்கிலிக்கன் மிஷன் நட்டதல்ல. அமெரிக்க ஆற்காட்டு மிஷன் நட்டது. அதன் கிராமச் சபைகள் பெரும்பாலும் சேரிகளில்தான் முளைத்தன. அவை 1908-இல் தென்னிந்திய ஐக்கிய சபைக்குள் போயின. 1947 செப்டம்பர் 27 அன்று ஆங்கிலிக்கரும் மெதடிஸ்டுகளும் அதனோடு சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை ஆனபோது, பேராயரும் அங்கியும் மட்டுமா சேரிக்கு வந்தன? ஒழுங்காய் நில், ஒழுங்காய் முழங்காற்படியிடு, ஒழுங்கான உடம்போடு வா என்கிற ஒழுங்கும் வந்தது. சேரியில் ஏற்கனவே இருந்த "என்னா பாவம் பண்ணானோ" என்கிற பேச்சுக்கு இப்போது வேத வசனத்தின் முத்திரையும் கிடைத்துவிட்டது.

அதன் விளைவு என்ன என்பதைத் தெருவில் பார்க்கிறோம். எங்கள் தெருவில் ஒரு அக்காவுக்கு வலிப்பு. புதுச்சேரி ஜிப்மரில் மாதாமாதம் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டு இரண்டு வருசம் நன்றாக இருந்தாள். குணமளிக்கும் கூட்டம் ஒன்று நடந்தது. மேடையில் ஏற்றினார்கள் (அந்த மேடைக்கு மட்டும் நான்கு பேர் தூக்கிவிட வருவார்கள்). தலையில் கை வைத்தார்கள். "சாட்சி சொல்லும்மா" என்றார்கள். சொன்னாள். மாத்திரை சாப்பிடுவது அவிசுவாசம் என்று நிறுத்தினாள். மூன்றாம் வாரம் அடுப்பின் மேல் விழுந்து வலது கை வெந்தது. பிரசங்கியார் திரும்பி வரவில்லை. சபை வந்தது. வந்து, "விசுவாசம் பத்தலம்மா" என்றது. வெந்தது அவள் கை, குற்றவாளியும் அவளே. வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பி வரும், உயிரே போகலாம் என்பது எந்த டாக்டரைக் கேட்டாலும் தெரியும். கேட்க விடாதது எது?

யோவான் 9-ஆம் அதிகாரத்தில் பிறவிக் குருடனைப் பார்த்துச் சீடர்கள் இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். இவன் செய்த பாவமா, பெத்தவங்க செய்த பாவமா? இயேசு இரண்டையும் மறுத்துவிடுகிறார். இரண்டாயிரம் வருசமாகச் சபை சீடர்களின் கேள்வியைப் பிடித்துக்கொண்டு இயேசுவின் பதிலை விட்டுவிட்டது.

நோய்க்குக் காரணம் வேண்டுமா? ஆத்துமாவில் தேடாதீர்கள், வேலையில் தேடுங்கள். மரக்காணம் உப்பளத்தில் வெள்ளை வெயிலைப் பார்த்துப் பார்த்து மங்கிய கண்கள், உப்புநீரில் வெடித்த பாதங்கள் யாருடையவை? கல்குவாரியிலும் கிரஷரிலும் தூசியை விழுங்கி இருமுகிற நெஞ்சுகள் எந்தத் தெருவில் இருக்கின்றன? முகமூடி இல்லாமல் வயலுக்கு மருந்து அடித்தவன் யார்? மலக்குழிக்குள் இறக்கப்பட்டவன் யார்? நம் சனத்தின் நோய் பாவத்தின் சம்பளம் இல்லை. சம்பளத்துக்குப் பதிலாகக் கொடுக்கப்பட்டது.

சட்டம் என்ன செய்கிறது? 1950-இன் குடியரசுத் தலைவர் ஆணை இந்துவுக்கு மட்டும் பட்டியல் சாதி என்றது. 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் சேர்த்தது. தலித் கிறித்தவர் இன்றும் வெளியே. சென்னை மவுண்ட் ரோட்டோரம் செருப்பு தைத்த சூசை, இந்துத் தொழிலாளிக்குக் கொடுத்த இலவசப் பெட்டிக்கடை தனக்கு ஏன் இல்லை என்று கேட்டு உச்சநீதிமன்றம் வரை போனார். 1985-இல் கையை விரித்தார்கள். ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-இல் மதத்தையும் சாதியையும் கட்டிப்போடாதே என்று பரிந்துரைத்தது. அது கிடப்பில். 2022-இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம். இப்போது ஊனத்தை இதோடு வைத்துப் பாருங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கில் நாட்டில் ஊனமுற்றோர் 2.21 சதவீதம். பட்டியல் சாதியினரிடையே 2.45 சதவீதம். சேரியில் ஊனம் கூடுதல் என்பதற்கு அரசே தரும் சாட்சி இது. ஆனால் அந்த 2.45-க்குள் தலித் கிறித்தவரின் ஊனம் இல்லை. அவர் 'மற்றவர்' பத்தியில் கரைந்து போகிறார். எண்ணப்படாதவனுக்கு எந்தத் திட்டம் வரும்?

தெருவில் ஒருத்தன் என்னை "நொண்டிப் பறையா" என்று திட்டினால், 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 92-ஆம் பிரிவில் 'நொண்டி'க்கு வழக்குப் போடலாம். 'பறையா'வுக்கு 1989-இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் உண்டு. ஆனால் சர்ட்டிபிகேட்டில் கிறித்தவன் என்றால் அதன் கதவு அடைப்பு. ஒரே வாயிலிருந்து ஒரே மூச்சில் வந்த வசவில் பாதி மட்டும் சட்டத்தின் காதில் விழும்.

சபை ஊனமுற்றவருக்கு எவ்வளவு செய்திருக்கிறது, நன்றி வேண்டாமா என்பார்கள். செய்திருக்கிறது. பாளையங்கோட்டையில் பார்வையற்றோர் பள்ளியும் காதுகேளாதோர் பள்ளியும் ஆங்கிலிக்கன் மிஷன் பெண்கள் 1890-களில் தொடங்கியவை. வேலூரில் பால் பிராண்ட் தொழுநோயால் மடங்கிய விரல்களை நிமிர்த்தினார். மறுக்கவில்லை. ஆனால் மிஷன் நினைவுக்குள்ளும் சேரி எங்கே என்று கேட்போம். வேலூர் மருத்துவமனையின் தொடக்கக் கதை நம்ம திண்டிவனத்தில்தான் நடக்கிறது. 1890-களில் ஒரு இரவு மிஷன் பங்களாவின் கதவை மூன்று ஆண்கள் தட்டுகிறார்கள். ஒரு பார்ப்பனர், ஒரு இஸ்லாமியர், இன்னொரு உயர்சாதி இந்து. ஆண் டாக்டர் தொடக்கூடாது என்பதால் மூன்று மனைவிகளும் பிரசவத்தில் சாகிறார்கள். ஐடா ஸ்கடர் டாக்டராக முடிவெடுக்கிறார். அந்த அம்மாள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அந்த வருசங்களில் திண்டிவனத்துச் சேரியில் பிரசவத்தில் செத்தவளே இல்லையா? அவள் புருசன் அந்தக் கதவைத் தட்டும் காட்சியை ஏன் யாரும் சொல்வதில்லை?

மேரி வர்கீஸையும் நினைக்கிறேன். 1954-இல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். பிறகு சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. சக்கர நாற்காலி ஆபரேஷன் தியேட்டருக்குள் போக முடிந்திருக்கிறது. எங்கள் ஆல்டருக்குப் போக முடியவில்லை. தருமம் செய்யத் தெரிந்த சபைக்குப் பங்கு கொடுக்கத் தெரியவில்லை. பிச்சைக்கும் பங்குக்கும் உள்ள வித்தியாசத்தைத் தலித்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

இயக்கத் தோழர்களுக்கும் கேள்வி இருக்கிறது. "சாதியே ஒழியல, அதுக்குள்ள இது எதுக்கு?" என்கிறீர்கள். இந்தக் குரல் பழகிய குரல். "வர்க்கம் முடியட்டும், அப்புறம் சாதி" என்று இடதுசாரிகள் நம்மிடம் சொன்னது இதே குரலில்தான். நம் கூட்டங்கள் ஏன் எப்போதும் மாடியில் நடக்கின்றன? நம் சுவரொட்டியில் ஏன் எப்போதும் முறுக்கேறிய புஜம்? அம்பேத்கர் கடைசி வருசங்களில் நீரிழிவோடும் கால் வலியோடும் போராடிக்கொண்டே எழுதினார், பௌத்தம் தழுவினார். அந்த நோயுற்ற உடம்பை நாம் ஏன் சிலையில் மறைக்கிறோம்? கோட்டும் கைவிரலும் போதும் என்று யார் முடிவு செய்தது?

1981-இல் அர்விந்த் நிர்மல் பெங்களூரில் தலித் இறையியலுக்குக் குரல் கொடுத்தார். கடவுள் தலித் என்று சொல்லும் துணிவு நமக்கு வந்தது. 1994-இல் அமெரிக்காவின் நான்சி ஐஸ்லாண்ட் 'ஊனமுற்ற கடவுள்' என்று புத்தகம் எழுதினார். உயிர்த்தெழுந்த பிறகும் ஆணித் தழும்பும் விலாக் காயமும் ஆறாமல் காட்டியவர்தானே உங்கள் கர்த்தர் என்றார். இரண்டையும் சேர்த்து வாசியுங்கள். லேவியராகமக் கணக்குப்படி அந்தக் கர்த்தரே பலிபீடத்தை நெருங்க முடியாது.

ஆகவே கோரிக்கைகள். இவை விண்ணப்பம் அல்ல.

1. சேரி ஆலயம் ஒவ்வொன்றிலும், ஆல்டர் வரை சாய்தளம். கோபுரத்துக்கு வசூல் பிறகு பார்க்கலாம்.

2. திருவிருந்து முதலில் உட்கார்ந்திருப்பவருக்கு. நிற்க முடிந்தவர் காத்திருக்கட்டும்.

3. சபைக் கமிட்டியிலும் திருமண்டலப் பேரவையிலும் ஊனமுற்ற, நீடித்த நோயுள்ள தலித்துகளுக்கு இடம். குருத்துவப் பயிற்சிக்கு உடலைக் காரணம் காட்டி யாரையும் தள்ளக்கூடாது.

4. மாத்திரையை நிறுத்தச் சொல்லும் எந்தப் பிரசங்கியாருக்கும் சபை மேடை கிடையாது.

5. தலித் கிறித்தவருக்குப் பட்டியல் சாதித் தகுதி கேட்கும் ஒவ்வொரு மேடையிலும் ஊனமுற்ற தலித் கிறித்தவரைத் தனியாக எண்ணு என்ற முழக்கமும் எழ வேண்டும்.

மாணவர்களே, உங்கள் ஊர் ஆலயத்தின் படிகளை எண்ணிக்கொண்டு வாருங்கள். யார் வெளியே உட்கார்ந்திருக்கிறார் என்று பெயரோடு எழுதிக்கொண்டு வாருங்கள். கப்பர்நகூமில் திமிர்வாதக்காரனைத் தூக்கி வந்த நான்கு பேர், கூட்டம் வழி விடவில்லை என்று திரும்பிப் போகவில்லை. கூரையைப் பிரித்தார்கள். வீட்டுக்காரனிடம் அனுமதி கேட்டதாக மாற்கு எழுதவில்லை.