எழுதினால் குடும்பம் உடையுமா?

புருஷன் மனைவியை அடித்த விவகாரம் காவல் நிலையத்துப் படியேறிவிட்டால் அதைப் பேசித் தீர்த்து அனுப்புவதே தர்மம் என்றும், காகிதத்தில் ஏற்றிவிட்டால் பிறகு அந்தக் குடும்பம் ஒட்டவே ஒட்டாது என்றும் நம் ஜனங்களிடையே வேரூன்றியிருக்கும் அபிப்பிராயத்தைப் போல் பெண்களின் பிராணனுக்கு அபாயமானது வேறொன்றில்லை. பெண்ணைப் பெற்றவர்களே இதைச் சொல்கிறார்கள் என்பதுதான் நெஞ்சை அறுக்கிறது.

1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டபோது பெண்கள் கூச்சமின்றித் தம் துயரைச் சொல்ல ஓர் இடம் பிறந்தது. ஆனால் சொன்னது எப்படிப் பதிவாகிறது? மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாக ஒரு சி.எஸ்.ஆர். ரசீது, இரு தரப்பாரையும் வரவழைத்து, இனி அடிக்கமாட்டேன் என்று எழுதி வாங்கி, 'கணவன் மனைவி தகராறு, சமாதானம்' என்று முடிப்பது, சில மாதங்களில் அவளே மறுபடி வந்தால் அது புதிய மனு. கன்னத்தில் அறைந்ததும் கழுத்தை நெரித்ததும் அந்த ஒரே தலைப்பின் கீழ் அடங்கிவிடுகின்றன. கழுத்தை நெரித்தவன் பின்னொரு நாள் கொலையும் செய்யக்கூடிய அபாயம் பன்மடங்கு அதிகம் என்று இவ்விஷயத்தை ஆராய்ந்தவர்கள் கண்டிருக்க, நம் பதிவேட்டில் அதற்கென்று ஒரு வரிகூட இல்லாமற்போவது என்ன நியாயம்?

எழுதினால் உடனே கைதுதான் என்ற பிரமையே, குடும்பம் உடைந்துவிடும் என்ற அச்சத்தின் மூலம். மனைவியைக் கொடுமைப்படுத்துவதைத் தண்டித்த அன்றைய 498-ஏ பிரிவு வழக்குகளில் இயந்திரம்போல் கைது செய்யலாகாது என்று 2014-லேயே அர்னேஷ் குமார் வழக்கில் உச்சநீதிமன்றம் கட்டளையிட்டுவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டு லலிதா குமாரி வழக்கில், தாம்பத்தியப் பிணக்குகளில் பூர்வாங்க விசாரணைக்கு இடங்கொடுத்த அரசியல் சாசன அமர்வு, அவ்விசாரணைக்கான முடிவும் நிலையப் பொது நாட்குறிப்பில் பதிவாகியே தீரவேண்டும் என்றது. சமரசத்தைச் சட்டம் தடுக்கவில்லை. சுவடில்லாத சமரசத்தைத்தான் அது ஏற்கவில்லை. பொய்ப் புகார் பெருகுமே என்பாருக்கும் இதுவே பதில்: தேதியும் காயமும் அன்றே குறிக்கப்பட்ட ஏடு நிரபராதிக்கும் அரண்.

தேசியக் குடும்ப நல ஆய்வு 2019-21-ல் தமிழ்நாட்டில் மணமான பெண்களை விசாரித்தபோது, நூற்றுக்கு ஏறத்தாழ 38 பேர் கணவனின் வன்முறைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். பதிவேடுகள் அமைதியாக இருப்பதைக் கண்டு இல்லங்களும் அமைதியாக இருப்பதாக நம்புகிறவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்? மணமாகி ஏழாண்டுக்குள் ஒரு பெண் மாண்டால் கோட்டாட்சியர் விசாரணை உண்டு. வரதட்சிணைச் சாவு என்று நிரூபிக்கவோ, மரணத்துக்குச் சற்று முன் வரதட்சிணை கேட்டு அவள் கொடுமைப்படுத்தப்பட்டாள் என்பதற்குச் சாட்சியம் வேண்டும். மூன்று முறை வந்து மூன்று முறையும் சமாதானமாகித் திரும்பியவளுக்கு அந்தச் சாட்சியம் எங்கிருந்து வரும்? தாயின் கண்ணீரைப் பிற்பாடு ஜோடித்த கதை என்று எதிர்த்தரப்பு வக்கீல் தள்ளிவிடுவார். அவள் மாண்ட மறுநாள் பத்திரிகையிலோ, தீராத வயிற்றுவலியால் தற்கொலை என்று ஏற்கெனவே அச்சாகியிருக்கும்.

2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி பாதுகாப்பு அலுவலர் நிரப்பும் நிகழ்வறிக்கையில் உடல், பாலியல், வாய்ச்சொல்லும் மனமும், பொருளாதாரம் என்று கொடுமைகள் தனித்தனியே பிரிக்கப்பட்டிருக்கின்றன. அந்தப் பகுப்பையே நிலையப் பதிவேடும் கைக்கொள்ளட்டும். ஒரு பெண் எத்தனையாவது முறை வருகிறாள் என்பதையும் முந்தைய காயங்களையும் விசாரிக்கும் அதிகாரி முதலில் வாசிக்கட்டும். சமாதானம் என்று முடிப்பவர் அதன் காரணத்தைத் தம் கையெழுத்திட்டு எழுதட்டும்.