வார்த்தை இல்லாமல் பாடியவள்

ப்ளஸ் ஒன் படிக்கும் என் மகன், சாயந்திரம் ஆனால் போதும், ஸ்பீக்கரில் இங்கிலீஷ் பாட்டை அலற விடுவான். "காதைக் கிழிக்குதுடா, அணைச்சுத் தொலை" என்று அடுப்படியிலிருந்தே கத்துவேன். போன வாரம், "அம்மா, ஒரே ஒரு தடவை முழுசா உட்கார்ந்து கேளு. அப்புறம் திட்டு" என்றான். பிள்ளை ஆசைப்படுகிறானே என்று, நறுக்க வைத்திருந்த கொத்தவரங்காயோடு போய் உட்கார்ந்தேன்.

பிங்க் ஃபிளாய்ட் என்ற இங்கிலாந்துக் குழு 1973ல் வெளியிட்ட 'தி டார்க் சைட் ஆஃப் த மூன்' என்ற ஆல்பம் அது. மொத்தம் 43 நிமிடம். ராக் என்றால் வெறும் கூச்சல் என்று நினைத்திருந்த எனக்கு ஒரே ஆச்சரியம். இதயத் துடிப்பில் ஆரம்பித்து, இதயத் துடிப்பிலேயே முடிகிறது. ஒரு பாட்டுக்கு முன்னால் ஏகப்பட்ட கடிகாரங்கள் ஒன்றாக மணியடிக்கின்றன. பணத்தைப் பற்றிய பாட்டில், சில்லறை குலுங்கும் சத்தமும் கல்லாப்பெட்டி சத்தமுமே தாளம்! டேப்பை வெட்டி ஒட்டியே அதைச் செய்தார்களாம்.

நடுவில் ஒரு பெண் குரல். ஒரு வார்த்தைகூடக் கிடையாது. கதறுகிறாள், கெஞ்சுகிறாள், அப்புறம் ஓய்ந்து அடங்குகிறாள். சாவைப் பற்றிய பாட்டாம். என் அம்மா போன அன்று எனக்கும் வார்த்தை வரவில்லை, இப்படித்தான் சத்தம் மட்டும் வந்தது. கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

பாடியவர் கிளேர் டோரி. அப்போது வயது 25. பாட வரிகளும் கொடுக்கவில்லை, மெட்டும் கொடுக்கவில்லை. மனசில் வந்ததைப் பாடினார். இதையெல்லாம் சேர்க்கமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்குப் போனாராம். கூலி 30 பவுண்டு. பாடகி என்று அவர் பெயரைப் போட்டார்கள். ஆனால் இசையமைத்தவர் என்று பியானோ வாசித்த ரிச்சர்ட் ரைட் பெயர் மட்டும்தான். 2004ல் டோரி வழக்குப் போட்டார். 2005ல் சமரசமாகி, ரைட்டோடு அவர் பெயரும் சேர்ந்தது. 32 வருஷம்!

தோழியரே, நமக்கு இது புதிதா? எங்கள் மளிகைக் கடைக்கு சாம்பார் பொடி அரைப்பது நான். யாராவது பாராட்டினால், "நம்ம கடைப் பொடியாச்சே" என்பார் என் கணவர். "எல்லாம் ஒண்ணுதானே" என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன். அது தப்பு. நம் உழைப்பை நம்முடையது என்று அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். சண்டை போட வேண்டாம், சொன்னால் போதும்.

அன்று ராத்திரியே அவரிடம் டோரி கதையைச் சொன்னேன். சிரித்தார். மறுநாள் கடையில் யாரோ கேட்டதற்கு, "வீட்டுல அரைச்சது" என்றாராம். 'வீட்டுல' என்றால் நான்தான்! பெயரைச் சொல்ல இன்னும் கொஞ்ச நாளாகும் போலிருக்கிறது. ஆனால், 32 வருஷம் காத்திருக்க நான் தயாராக இல்லை.

- ஓர் இல்லத்தரசி, விருதுநகர்.