23ஆம் எண் டாங்கிக்கு எந்த நிறம்?



இந்த வாரம் ஒரு சிறிய பொருளைக் குறித்து உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன். உங்களில் சிலருடைய வீட்டு அலமாரியில் அது இருக்கக்கூடும். பிள்ளைகள் ஏதோ ஒரு விடுமுறையில் ஒட்டி முடித்து, பின்பு தூசி படிய விட்டுவிட்ட பிளாஸ்டிக் டாங்கி அது. அத்தகைய மாதிரியை மீண்டும் கையிலெடுத்து, பழைய வண்ணத்தை நீக்கி, புதிதாக வண்ணம் பூசும் கைவேலையில் பல நாடுகளில் பெரியவர்களும் ஆண்டுக்கணக்கில் ஈடுபட்டு வருகிறார்கள். பொழுதுபோக்குதானே, இதில் சிந்திக்க என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். ஒரு போர்வாகனத்தின் மாதிரிக்கு வண்ணம் பூசுகிறவர், அறிந்தோ அறியாமலோ, கடந்த காலத்தைக் குறித்துச் சாட்சி சொல்லுகிறார் என்பது என் கருத்து. அந்தச் சாட்சி அரைகுறையாக இருந்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஒரே ஒரு டாங்கியை எடுத்துக்கொள்வோம். இரண்டாம் உலகப்போரின் இறுதிக் கட்டத்தில் சோவியத் படை களமிறக்கிய ஐ.எஸ்.-2 என்னும் கனரக டாங்கி. ஸ்டாலினுடைய பெயரின் முதலெழுத்துகளையே அது தன் பெயராகக் கொண்டிருந்தது. எடை 46 டன். பீரங்கியின் குழல்விட்டம் 122 மில்லிமீட்டர். உள்ளே அமர்ந்தவர்கள் நான்கு பேர். மாதிரி செய்கிறவர்கள் பெரிதும் விரும்பும் அளவு 35இல் ஒரு பங்கு. அந்த அளவில் இந்த டாங்கி பீரங்கிக் குழலோடு சேர்த்து ஏறத்தாழ 28 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். அதே அளவில் செய்யப்படும் மனித உருவத்தின் உயரம் 5 சென்டிமீட்டர்தான்.

வேலை பொறுமையைக் கேட்பது. பாகங்களைப் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து ஒவ்வொன்றாக வெட்டியெடுத்து, வெட்டிய தடத்தை உப்புத்தாளால் தேய்த்து, ஒட்டிய இடத்தில் தெரியும் இடைவெளியைப் பட்டி வைத்து நிரப்ப வேண்டும். உண்மையான ஐ.எஸ்.-2இன் மேற்கோபுரம் உருக்கிய எஃகை அச்சில் வார்த்துச் செய்யப்பட்டது; ஆகவே அதன் மேற்பரப்பு சொரசொரப்பாக இருந்தது. பிளாஸ்டிக்கோ வழவழப்பானது. இந்த வேறுபாட்டைச் சகிக்காதவர்கள், பட்டியை நீர்க்கக் கரைத்து, தேய்ந்துபோன பழைய தூரிகையால் கோபுரம் முழுவதும் ஒற்றியெடுத்து அந்தச் சொரசொரப்பை உண்டாக்குகிறார்கள். இரும்பின் தோலைக்கூடப் பொய்யாகக் காட்ட மனமில்லாத இந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் அந்த நேர்மை இரும்போடு நின்றுவிடுமா என்பதே என் கேள்வி.

பட்டயங்கள் உழுகருவிகளாக மாறும் நாளுக்காகக் காத்திருக்கிறவர்கள் போர்க்கருவியின் பொம்மையை ஏன் செய்ய வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். அது நியாயமான கேள்வி. கொலைக்கருவியை அழகுப்பொருளாக்கி அலமாரியில் வைப்பதில் ஆபத்து உண்டு. ஆனால் அதன் ஒவ்வொரு ஆணியையும் அறிந்து செய்கிறவர், அது எங்கே சென்றது, யாரைக் காத்தது, யாரை நசுக்கியது என்பதையும் அறிந்து செய்வாரானால், அந்த வேலை மறதிக்கு எதிரான வேலையாகும். இதில் வண்ணத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

போர்க்களத்தில் வண்ணம் அலங்காரத்துக்காகப் பூசப்படவில்லை. சோவியத் டாங்கிகளின் பச்சை, வயலோடும் காட்டோடும் கலந்து மறைவதற்காக. பனிக்காலத்தில் அதன்மேல் வெள்ளையடித்தார்கள். பனி உருகும் காலத்தில் அந்த வெள்ளை கரைந்து, பச்சை திட்டுத்திட்டாக வெளிப்பட்டது. பிரித்தானியப் படையின் ஷெர்மன் ஃபயர்ஃபிளை டாங்கியின் நீண்ட பீரங்கிக் குழலைக் கண்டால் எதிரி அதையே முதலில் குறிவைப்பான் என்பதால், குழலின் முன்பாதியின் அடிப்புறத்தில் வெளிர்நிறம் பூசி அதைக் குட்டையாகத் தோன்றச் செய்தார்கள். உள்ளே இருந்தவர்களின் உயிர் சில கையளவு வண்ணத்தைச் சார்ந்திருந்தது.

இனி அந்த ஒரு டாங்கியின் கதைக்கு வருவோம். 1945ஆம் ஆண்டு மே 5 அன்று, நாஜி ஆதிக்கத்தின்கீழ் இருந்த பிராக் நகர மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். மே 9 அன்று சோவியத் டாங்கிகள் நகருக்குள் நுழைந்தன. அதே ஆண்டு ஜூலை மாதத்தில், நகரின் ஸ்மீகோவ் பகுதியில், ஐ.எஸ்.-2 டாங்கி ஒன்று கல்பீடத்தின்மேல் நினைவுச்சின்னமாக ஏற்றப்பட்டது. பச்சை நிறம், பக்கவாட்டில் 23 என்னும் எண். நகருக்குள் முதலில் நுழைந்த டாங்கியை அது குறிப்பதாக மக்களுக்குச் சொல்லப்பட்டு வந்தது.

ஆனால் முதலில் நுழைந்தது அது அன்று. டி-34 என்னும் வேறொரு வகை டாங்கிதான் முதலில் வந்தது; அதன் எண் 24. அதை நடத்திவந்த இவான் கொஞ்சரென்கோ என்னும் இளம் அதிகாரி, அந்த நாளிலேயே, நகரின் பாலம் ஒன்றினருகே டாங்கி தாக்கப்பட்டபோது உயிரிழந்தார். பீடத்தின்மேல் ஏறியதோ, அதைவிடப் பெரியதும் ஸ்டாலினின் பெயரைத் தாங்கியதுமான வேறொரு டாங்கி. பிரியமானவர்களே, இதைக் கவனியுங்கள். நினைவுகூருவதற்காக எழுப்பப்பட்ட சின்னமே, நினைவுகூரப்பட வேண்டியவனுடைய எண்ணை மறைத்துவிட்டது.

1968 ஆகஸ்ட் மாதத்தில் சோவியத் டாங்கிகள் மீண்டும் அதே நகருக்குள் வந்தன. இம்முறை விடுதலையளிக்க வரவில்லை. அந்நாட்டில் துளிர்த்த சுதந்திரத்தை அடக்க வந்தன. செக்கோஸ்லோவாக்கியப் படையிடமும் அதே வகை வாகனங்கள் இருந்தமையால், வந்தவர்கள் தங்கள் டாங்கிகளை அடையாளம் காண அவற்றின்மேல் வெள்ளைப் பட்டைகள் பூசியிருந்தார்கள். நகரத்து இளைஞரோ அவற்றின்மேல் சுண்ணக்கட்டியால் ஸ்வஸ்திகா வரைந்தார்கள். 1945இல் துரத்தப்பட்டவர்களின் சின்னத்தை, துரத்தியவர்களின் இரும்பின்மேலேயே எழுதினார்கள். அந்தப் படையெடுப்பில் நூற்றுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் மாண்டார்கள். 23ஆம் எண் டாங்கி பீடத்தைவிட்டு அசையவில்லை. ஆயினும் அதன் பச்சை நிறம் அன்றுமுதல் நகரத்தாருக்கு வேறொன்றைச் சொல்லத் தொடங்கியது.

அந்நாட்டில் கம்யூனிஸ்ட் ஆட்சி வீழ்ந்த பின்பு, 1991 ஏப்ரல் மாத இறுதியில் ஓர் இரவில், டேவிட் செர்னி என்னும் கலை மாணவர் தம் நண்பர்களோடு அந்த டாங்கி முழுவதற்கும் இளஞ்சிவப்பு வண்ணம் பூசினார். சோவியத் அரசு கண்டனம் தெரிவித்தது. மாணவர் கைது செய்யப்பட்டார். இராணுவம் டாங்கிக்கு மீண்டும் பச்சை பூசியது. மே மாதத்தில் நாடாளுமன்ற உறுப்பினர்கள் 15 பேர், தங்களைக் கைது செய்ய இயலாத சட்டப் பாதுகாப்பைத் துணைகொண்டு, அதை மறுபடியும் இளஞ்சிவப்பாக்கினார்கள். ஜூன் மாதத்தில் டாங்கி பீடத்திலிருந்து அகற்றப்பட்டது. இன்று அது லெஷானி ஊரிலுள்ள இராணுவ அருங்காட்சியகத்தில், அதே இளஞ்சிவப்பு நிறத்தோடு நிற்கிறது.

இப்பொழுது உங்கள் மேசைக்குத் திரும்புங்கள். ஐ.எஸ்.-2 மாதிரி ஒன்று உங்கள் முன் இருக்கிறது. எண் 23 என்று தீர்மானித்துவிட்டீர்கள். எந்த நிறம் பூசுவீர்கள்?

பச்சை மட்டும் பூசினால், பீடத்தில் இருந்தவர்கள் சொன்ன கதையையே திரும்பச் சொல்லுகிறீர்கள். 1968 அதில் இல்லை. இளஞ்சிவப்பு மட்டும் பூசினாலோ, பார்க்கிறவர் சிரித்துவிட்டுப் போவார்; பாலத்தருகே மாண்ட இளைஞனும், அவனைப்போல் அந்த மே மாதத்தில் வீடு திரும்பாதவர்களும் அந்தச் சிரிப்பில் காணாமற்போவார்கள். நகரத்தாருடைய கோபம் நியாயமானது. விடுதலைக்காக மடிந்தவர்களுக்கு உரிய கனமும் நியாயமானது. ஒன்றைச் சொல்ல மற்றொன்றை அழிக்க வேண்டியதில்லை என்பதே என் துணிபு.

இதற்கு வழியுண்டா? வண்ணக் கலைஞர்களிடமே உண்டு. முதலில் பழைய வண்ணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. விளையாட்டுப் பருவத்தில் தடித்த வண்ணம் அப்பிய மாதிரியாக இருந்தால், அதன்மேலேயே இன்னொரு படலம் பூசாதீர்கள். மறையாணித் தலைகளும் பற்றவைப்புத் தடங்களும் அதில் மூழ்கிப்போகும். அக்ரிலிக் வண்ணமானால், காற்றோட்டமுள்ள இடத்தில், கையுறை அணிந்து, நெருப்புக்கு விலகி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் சில மணிநேரம் ஊறவைத்துப் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்தால் வண்ணம் உரிந்துவரும். வீரியமான தின்னரை ஊற்றினால் வண்ணத்தோடு பிளாஸ்டிக்கும் கரையும். அவசரப்படுகிறவர் இரண்டையும் இழக்கிறார். உருவத்தை மறைக்கும் படலத்தை நீக்கத்தான் வேண்டும். அதை வரலாற்றை அழிப்பதாக எண்ண வேண்டியதில்லை.

அதன்பின் பிரைமர் பூசி, பச்சையை அடிநிறமாக முழுவதும் பூசுங்கள். அது நன்றாக உலர்ந்ததும், தெளிந்த வார்னிஷ் ஒரு படலம் இட்டுக் காப்பாற்றுங்கள். அதன்மேல், தலைமுடிக்குப் பயன்படுத்தும் சாதாரண ஹேர் ஸ்பிரேயை மெல்லியதாக இரண்டு முறை தெளியுங்கள். அது உலர்ந்தபின் நீரில் கரையும் வகை அக்ரிலிக் வண்ணத்தில் இளஞ்சிவப்பைப் பூசுங்கள். சிறிது நேரம் கழித்து மேற்பரப்பை நீரால் நனைத்து, விறைப்பான தூரிகையால் விளிம்புகளையும் கதவு ஓரங்களையும் மெல்லத் தேயுங்கள். நடுவிலுள்ள ஹேர் ஸ்பிரே நீரில் இளகி, மேல்நிறம் சிறு சிறு சில்லுகளாக விலகும். அடியிலுள்ள பச்சை வெளிப்படும்.

பனிக்கால வெள்ளையடிப்பு கரைந்த தோற்றத்தைக் காட்டப் பலர் கையாளும் அதே முறைதான் இது. 23ஆம் எண் டாங்கிக்கு இதைவிடப் பொருத்தமான முறை எனக்குத் தெரியவில்லை. உண்மையான டாங்கியின் மேலும் பச்சை, இளஞ்சிவப்பு, பச்சை, இளஞ்சிவப்பு என்று படலத்தின்மேல் படலம் ஏறியது. ஒவ்வொரு படலத்தையும் பூசியவர்கள், தங்களுடையதே கடைசி வார்த்தையாக இருக்கட்டும் என்று எண்ணியிருப்பார்கள். மாதிரி செய்கிறவருக்கு அந்த அவசியம் இல்லை. எல்லாவற்றையும் அவர் ஒரே பார்வையில் காட்டலாம்.

இவ்வளவும் பிளாஸ்டிக்கைப் பற்றிய பேச்சு மட்டும்தானா? நம் குடும்பங்களிலும், ஊர்களிலும், சபைகளிலும் நாம் செய்துகொண்டிருப்பது பெரும்பாலும் மேற்பூச்சு வேலைதான். ஒரு காலத்தில் நமக்கு உதவிக்கரம் நீட்டியவர் பிற்காலத்தில் நம்மை ஒடுக்கியிருக்கலாம். அப்பொழுது அவருடைய முந்தைய நன்மையெல்லாம் பொய் என்று பூசி மறைக்கிறோம். அல்லது, நன்மை செய்தவரல்லவா என்று சொல்லி, பிந்தைய கொடுமையைப் பேசவிடாமல் வாயடைக்கிறோம். ஒப்புரவாகுதல் என்ற பெயரில் காயப்பட்டவரை மௌனமாக்குகிறவர்களை நீங்கள் கண்டிருப்பீர்கள். மன்னிப்பு நடந்ததை நடக்காததாக்குவதில்லை. நடந்ததை முழுவதும் பார்த்த பின்பு கொடுக்கப்படுவதாலேயே அது மன்னிப்பாகிறது. நன்றியும் அப்படியே; பிந்தைய தீமை முந்தைய நன்மையின்மேல் நாம் பட்ட கடனைத் தீர்த்துவிடுவதில்லை.

ஆகவே, உங்கள் வீட்டில் அப்படிப்பட்ட மாதிரி ஒன்று இருந்தால், இந்த வாரம் அதை எடுத்துத் தூசி துடையுங்கள். பிள்ளைகள் உடனிருந்தால் இந்தக் கதையை இரு பக்கமும் குறையாமல் சொல்லுங்கள். மாதிரி இல்லாதவர்கள், தங்கள் இருதயத்தில் ஒரே நிறத்தால் பூசி முடித்துவிட்ட ஒரு மனிதரையோ ஒரு நிகழ்ச்சியையோ நினைத்து, அடியில் என்ன நிறம் இருந்தது என்று அமைதியாகக் கேட்டுப் பாருங்கள்.

வேலை முடிந்ததும் மாதிரியைப் பலகையொன்றில் பொருத்துவது வழக்கம். அந்தப் பலகையின் முகப்பில் டாங்கியின் பெயரை மட்டும் எழுதாதீர்கள். 1945, 1968, 1991 என்ற மூன்று ஆண்டுகளையும் எழுதுங்கள். அவற்றின் அருகே, பீடத்தில் ஒருபோதும் இடம்பெறாத அந்த இன்னொரு எண்ணையும், 24 என்று, சிறியதாக எழுதிவையுங்கள்.

சமாதானம் உங்களோடிருப்பதாக.