பேப்பர் இல்லாத பிள்ளைக்கு கம்பஸில் ஒரு மேசை

கலேவெல டவுன்ல பெரிய வெங்காய சீசன் தொடங்கினால் லொறிக்கு மூட்டை ஏத்துற பெடியன்கள் நிறையப் பேர் வருவாங்க. அதில் ஒருத்தரை எங்களுக்கு நல்லாத் தெரியும். எங்களோட படிக்கிற ஒரு தோழியின் அண்ணன். கணக்கில் கெட்டிக்காரன் என்று அவர் படித்த பள்ளிக்கூடத்தில் இன்னும் சொல்வாங்க. ஆனால் ஓ.எல் எழுதவில்லை. பரீட்சைக்கு அடையாள அட்டை வேணும், அடையாள அட்டைக்குப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் வேணும். அவரிடம் இருந்தது தமிழ்நாட்டில் கொடுத்த பத்திரம். இரண்டு தடவை கொழும்புக்குப் போய் வந்தார். மூன்றாம் தடவை பஸ் காசு இல்லை. கதை அங்கேயே முடிந்தது.

இவர்கள் எங்கிருந்தோ வந்தவர்கள் இல்லை. தாத்தா மாத்தளைப் பக்கத்துத் தோட்டத்தில் வேலை செய்தவர். 1977 கலவரத்துக்குப் பிறகு குடும்பம் வவுனியாவுக்குப் போனது. 1990இல் அங்கிருந்து படகில் மண்டபம் முகாமுக்கு. பிள்ளைகள் பிறந்தது முகாமில். யுத்தம் முடிந்து சில வருடங்களில் திரும்பி வந்து, சொந்தக்காரர் ஒருவரை நம்பி கலேவெலயில் குடியேறினாங்க. இலங்கைப் பெற்றோருக்கு வெளிநாட்டில் பிறந்த பிள்ளை தானாகவே இலங்கையர் ஆகிவிடாது. வம்சாவளிப் பிரஜையாகப் பதிவு செய்ய வேணும். அந்தப் பதிவுக்குத் தாய் தகப்பனின் பத்திரங்கள் வேணும். அவை வவுனியாவில் எரிந்த வீட்டோடு போய்விட்டன.

தங்கச்சி விடவில்லை. அதிபர் ஒருவரும் கிராம உத்தியோகத்தர் ஒருவரும் கூட நின்றதால் தற்காலிக அடையாளக் கடிதங்களோடு பரீட்சைகளை எழுதினாள். கம்பஸும் கிடைத்தது. பதிவு செய்யப் போன நாளில் அவளுடைய பிரஜாவுரிமைப் பத்திரம் இன்னும் வந்து சேரவில்லை, விண்ணப்பித்த ரசீது மட்டும் கையில். கவுண்டரில் இருந்தவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "நீங்க வெளிநாட்டு மாணவியா?"

அந்தக் கேள்வியில் கோபம் இல்லை, இளக்காரமும் இல்லை. அவருக்குத் தெரிந்த பெட்டிகள் இரண்டுதான். ஒன்று இலங்கை மாணவர், மற்றது வெளிநாட்டு மாணவர். எந்தப் பெட்டியிலும் இவள் அடங்கவில்லை. கடைசியில் பத்திரம் வந்தது, பதிவும் நடந்தது. ஆனால் அதற்குள் விடுதிப் பட்டியல் மூடிவிட்டது, உதவிப்பணத்துக்கான திகதியும் போய்விட்டது. முதலாம் வருடம் முழுக்க எங்கள் மூன்று பேரின் வாடகை அறையில் நான்காவது ஆளாகப் பாய் போட்டுப் படுத்தாள்.

இதில் எங்களை உறுத்துவது ஒரு விஷயம். வெளிநாட்டு மாணவரை எப்படி வரவேற்பது என்று எங்கள் பல்கலைக்கழகங்களுக்குத் தெரியும். அதற்குச் சர்வதேச விவகார அலுவலகம் இருக்கு. விசாவுக்கு யாரிடம் போக வேணும், எந்த விடுதி, என்ன கட்டணம் என்று சொல்லித்தர ஆள் இருக்கு. டொலரில் கட்டணம் கட்டி வருபவருக்கு வழிகாட்டி இருக்கும்போது, இந்த மண்ணுக்கே திரும்பி வந்த பிள்ளைக்கு ஏன் ஒரு மேசை இல்லை?

பேப்பர் இல்லாததைப் பிள்ளையின் பிழை என்று நினைக்கிறவங்க கொஞ்சம் வரலாற்றையும் பார்க்கலாம். 1948 பிரஜாவுரிமைச் சட்டம் ஏறக்குறைய 7 இலட்சம் மலையகத் தமிழரை நாடற்றவர் ஆக்கியது. 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தது. மிச்சம் இருந்த 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டாங்க. சட்டத்தில் இந்தக் கணக்கு முடிந்தது 2003இல்தான். சட்டம் முடிந்தாலும், லயத்தில் பிறந்து பதியப்படாமல் போன அம்மம்மாவின் பத்திரம் தானாக வந்துவிடாது. அவருக்கு இல்லாதது மகளுக்கும், மகளுக்கு இல்லாதது பேத்திக்கும் சிக்கலாகவே இறங்குது.

கடலுக்கு அந்தப் பக்கமும் இதே கதைதான். 2021இல் தமிழக அரசு 317 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்து, அகதி முகாம்களை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது. கல்லூரிப் பிள்ளைகளுக்கான உதவித்தொகையும் கூடியது. நல்ல காரியம். ஆனால் பட்டம் வாங்கிய பிறகும் அங்கே பிரஜாவுரிமை இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கைத் தமிழருக்கு இடம் வைக்கவில்லை. படிப்புக்குக் கதவைத் திறந்துவிட்டு வேலைக்குக் கதவைச் சாத்தினால், அந்தப் பட்டத்தைச் சட்டகம் போட்டு முகாம் சுவரில் மாட்டலாம், அவ்வளவுதான்.

அமெரிக்காவில் 1982இல் உயர் நீதிமன்றம், ஆவணம் இல்லாத பிள்ளைகளைப் பாடசாலைக்கு வெளியே நிறுத்த முடியாது என்று தீர்ப்புச் சொன்னது. பெற்றோர் எடுத்த முடிவுக்குப் பிள்ளையைத் தண்டிக்கக்கூடாது என்பது அதன் சாரம். அந்தத் தீர்ப்பு கல்லூரியைத் தொடவில்லை. ஆனால் கலிபோர்னியாவின் பெர்க்லி போன்ற கம்பஸ்கள் ஆவணமற்ற மாணவருக்கென்றே ஒரு பிரிவை வைத்தன. டேவிஸ் சட்டப் பீடத்தை மையமாகக் கொண்டு மாணவருக்கும் குடும்பத்துக்கும் இலவசச் சட்ட உதவியும் நடக்குது. அங்கேயும் அரசியல் காற்று மாறினால் எல்லாம் ஆடும். இருந்தாலும் "இந்தப் பிரச்சினையோடு வா, இங்கே ஆள் இருக்கு" என்று ஒரு கம்பஸால் சொல்ல முடியும் என்பதற்கு அது சாட்சி.

எங்கள் நண்பர்களே ஒரு மறுப்பைச் சொல்வாங்க. "இசட் ஸ்கோர் அரைப் புள்ளியில் எங்கட ஆக்கள் கம்பஸை இழக்கிறாங்க. பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் மாத்தளை கூட இல்லை. இதுக்குள்ள இவங்களுக்கு வேறயா?" நியாயமான ஆதங்கம். ஆனால் நாங்கள் தனி ஒதுக்கீடு கேட்கவில்லை. அந்தத் தோழி எங்களோட அதே பரீட்சையை எழுதி, அதே வெட்டுப்புள்ளியைத் தாண்டித்தான் வந்தாள். அவளுக்குக் குறைந்தது புள்ளி இல்லை, முத்திரை. கள்ளப் பத்திரம் வரும் என்று பயந்தால், பிறகு சரிபார்த்துக்கொள்ளலாம். பிழை என்றால் பதிவை ரத்துச் செய்யலாம். போன வருடத்தை மட்டும் யாராலும் திருப்பித் தர முடியாது.

நாங்கள் கேட்பது மூன்று விஷயம். ஒன்று, பத்திரம் விண்ணப்பத்தில் இருக்கிற மாணவரை நிபந்தனையோடு பதிவு செய்யுங்க, விடுதிக்கும் உதவிப்பணத்துக்கும் அந்த ரசீதை ஏற்றுக்கொள்ளுங்க. இரண்டு, ஒவ்வொரு பீடத்திலும் இதைத் தெரிந்த ஒரு ஆளை வையுங்க. காலங்கடந்த பிறப்புப் பதிவு என்றால் என்ன, உத்தேச வயதுச் சான்றிதழ் எங்கே எடுக்கலாம் என்று தமிழில் சொல்லக்கூடிய ஆள். மூன்று, சட்டம் படிக்கிற மாணவர்கள் மாதம் ஒரு நாள் பிரதேச செயலகப் பக்கம் வந்து விண்ணப்பம் நிரப்ப உதவினால், கம்பஸ் வாசலுக்கு வருமுன்னே பாதிச் சிக்கல் தீரும்.

கடைசியாக எங்களுக்கும் ஒன்று. புதிய பட்ச் வரும்போது நாங்கள் முதலில் கேட்பது "எந்த ஊர்?" என்றுதான். அந்தக் கேள்விக்கு ஒரு பிள்ளை பதில் சொல்லத் தயங்கினால், சிரிக்காமல் பக்கத்தில் உட்காருவோம். கையில் எந்தப் பத்திரம் இல்லை என்று கேட்போம். தோழியின் அண்ணனிடம் ஓ.எல் வயதில் அப்படி யாராவது கேட்டிருந்தால், இந்த சீசனில் அவர் மூட்டை தூக்கிக்கொண்டு இருந்திருக்க மாட்டார்.