மூக்கை நம்பாதீர்!

கார்த்திகை மாதம். திருவண்ணாமலையில் தீபத்துக்கு வரும் உறவினர்களும் கொசுக்களும் ஒன்றாகப் பெருகும் காலம். ராத்திரியானால் அம்மாவுக்கு இருமல். 'மலைப் பனிடா' என்றாள். பனிக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தினேன். கொசுவுக்குப் பயந்து அவள் தலைமாட்டில் சுருள் கொளுத்தி வைத்தேன். பிள்ளைக் கடமை முடிந்தது என்று தூங்கிப் போனேன்.

ஆபீஸ் நண்பர் ஒருவர், காற்றில் உள்ள நுண்துகளை எண்ணும் சின்ன டப்பா ஒன்றைக் கொடுத்து, 'வெச்சுப் பாரு' என்றார். சாயங்காலம் பச்சை விளக்கு. சுருள் கொளுத்திய கால் மணி நேரத்தில் சிவப்பு. ரிப்பேர் போலிருக்கிறது என்று மொட்டை மாடிக்கு எடுத்துப் போனேன். சமர்த்தாகப் பச்சை! கீழே வந்தால் மறுபடி சிவப்பு. குற்றவாளி பனி இல்லை சார், நான்தான்.

ஒரு சுருள் முழுசாக எரிந்தால் வரும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்கிறது 2003-ல் வெளியான ஓர் ஆய்வு. சிகரெட்டே தொட்டதில்லை என்று நான் பீற்றிக்கொண்டதெல்லாம் போச்சு.

நம் மூக்கு எதற்கும் சீக்கிரம் பழகிவிடும். அப்புறம் புகார் செய்யாது. வாசனையே இல்லாத விஷவாயு என்றால் மூக்குக்குத் தெரியவே தெரியாது. அதனால்தான் பிரிட்டிஷ் சுரங்கங்களில் 1986 வரை கானரிக் குருவிகளை வைத்திருந்தார்கள். விஷவாயு வந்தால் முதலில் குருவி சாயும். மனிதர்கள் ஓடித் தப்பிப்பார்கள்.

குருவி செய்த வேலையை இன்று என்சைம் செய்கிறது. 1962-ல் லேலண்ட் கிளார்க் ஒரு என்சைமை மின்முனையில் ஒட்டவைத்து குளுகோஸை அளக்க வழி சொன்னார். வீட்டில் விரலைக் குத்திப் பார்க்கும் சுகர் மீட்டர் அதன் பேரன். சுருள் புகையிலும் பிளைவுட் பசையிலும் ஃபார்மால்டிஹைடு என்ற வாயு உண்டு. அதைக் கண்டால் மட்டும் வேலையைத் தொடங்கும் என்சைம் ஒன்று இருக்கிறது. அது எவ்வளவு வேலை செய்தது என்று பார்த்து, காற்றில் எவ்வளவு வாயு என்று சொல்லிவிடலாம். ஜப்பானிய ஆய்வுக்கூடங்களில் இப்படிப்பட்ட 'மோப்ப' சென்சார்கள் செய்திருக்கிறார்கள். ஒரே சிக்கல், என்சைம் உயிர்ப்பொருள். வெயிலில் வைத்த பால் மாதிரி கெட்டுப்போகும். நம்மூர் சித்திரை வெயிலுக்குத் தாக்குப்பிடிப்பது கஷ்டம்.

அது கடைக்கு வரும்வரை காத்திருக்கவில்லை. கொசுவலை வாங்கினேன். ஜன்னலைத் திறந்தேன். இரண்டே ராத்திரியில் இருமல் குறைந்தது.

"இதுக்கு ஒரு மிஷினா? பொகைதான்னு எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றாள் அம்மா.

"ஏம்மா சொல்லலை?"

"நீ ஆசையா கொளுத்தி வெச்சியேடா..."

இதை அளக்க எந்த ஆய்வுக்கூடத்திலும் சென்சார் இல்லை.